டிரைவர் 320 யார்டு போகும் காலத்தில் கோல்ஃப் மைதானத்தை எப்படித் தயார் செய்வது?

கேள்வி இதுதான்: தொழில்முறை ஆட்டக்காரர்களில் நீளமாக அடிப்பவர்கள் இப்போது டீயிலிருந்து (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) டிரைவர் என்ற மட்டையால் 320 யார்டு சர்வசாதாரணமாக அடிக்கிறார்கள். டீயைப் பின்னால் தள்ளி, ஃபேர்வேயை (ஒட்ட வெட்டிய புல்வழி) ஒடுக்கி, அதன் ஓரத்தில் உள்ள ரஃப் புல்லை நன்றாக வளர்த்துவிட்டால் அவர்களைக் கட்டுக்குள் வைக்க முடியாதா?

முடியாது என்பதுதான் என் பதில். அதோடு, பெரும்பாலான நேரங்களில் இந்த மூன்று வைத்தியமும் நீளமாக அடிப்பவருக்கே சாதகமாகப் போய் முடிகின்றன. அது ஏன் என்று முதலில் கணக்கோடு சொல்கிறேன். அப்புறம் எது உண்மையில் வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

நீளம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் 1980-ல் சராசரி டிரைவ் (டீயிலிருந்து அடிக்கும் முதல் அடி) 257 யார்டு. 2003-ல் 286. இப்போது 300-ஐ ஒட்டி நிற்கிறது. 1997-ல் ஜான் டேலி ஒரு பருவம் முழுக்கச் சராசரியாக 300 யார்டைத் தாண்டியபோது அது அதிசயமாகப் பேசப்பட்டது. 2020-21 பருவத்தில் பிரைசன் டிஷாம்போவின் சராசரி 323.7. இதற்குக் காரணம் ஒன்றிரண்டு அல்ல. மரத்தலை போய் டைட்டானியம் வந்தது, மட்டையின் தலை 460 சிசி வரை பெருத்தது. 2000-ல் டைட்டிலிஸ்ட் புரோ வி1 வந்த பிறகு பழைய நூல் சுற்றிய பலாட்டா பந்து ஓரிரு வருடங்களில் காணாமல் போனது. பந்து எந்தக் கோணத்தில் கிளம்புகிறது, எவ்வளவு சுழல்கிறது என்பதை உடனுக்குடன் காட்டும் கருவிகள் பயிற்சிக்கூடத்துக்கு வந்தன. உடற்பயிற்சியும் சேர்ந்துகொண்டது. இன்று டூருக்குள் நுழையும் இளைஞர் சின்ன வயதிலிருந்தே வேகத்தை முதலில் கற்று, நேராக அடிப்பதைப் பிறகு கற்றவர்.

இனி கணக்கு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, டூர் சேகரித்து வைத்திருந்த லட்சக்கணக்கான ஷாட்களின் பதிவை வைத்து ஒரு அட்டவணை தயாரித்தார். எந்தத் தூரத்திலிருந்து, எந்தத் தரையிலிருந்து, சராசரித் தொழில்முறை ஆட்டக்காரர் பந்தைக் குழியில் போட எத்தனை அடி எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் அதன் விஷயம். ஃபேர்வேயில் 120 யார்டிலிருந்து 2.85 அடி, 140-லிருந்து 2.91. வித்தியாசம் 0.06. அதே ஃபேர்வேயில் 180-லிருந்து 3.08, 200-லிருந்து 3.19. வித்தியாசம் 0.11. இரண்டிலும் இடைவெளி 20 யார்டுதான். ஆனால் தூரம் கூடும்போது அந்த 20 யார்டின் மதிப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடுகிறது. ஒரு ஹோலை 60 யார்டு நீட்டினால் நடப்பது இதுதான். முன்பு நீளமாக அடிப்பவர் வெட்ஜும் (குறைந்த தூரத்துக்கான மட்டை) குட்டையாக அடிப்பவர் 9 அயர்னும் எடுத்த இடத்தில், இப்போது முதலாமவர் 7 அயர்னும் இரண்டாமவர் 5 அயர்னும் எடுக்கிறார்கள் (அயர்னின் எண் குறையக் குறைய தூரம் கூடும்). நஷ்டம் 5 அயர்ன்காரருக்கு.

மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா நேஷனல் மைதானம் இதற்கு நல்ல சாட்சி. டைகர் வுட்ஸ் 1997-ல் 18 அண்டர் பார் (பார், அதாவது நிர்ணயித்த அடி எண்ணிக்கையை விட 18 குறைவு) அடித்து, 12 அடி வித்தியாசத்தில் மாஸ்டர்ஸை வென்றார். 2001-ல் மறுபடி வென்றார். அந்த ஆண்டு 6,985 யார்டாக இருந்த மைதானம் 2002-ல் 7,270 ஆனது. வுட்ஸுக்குத் தடுப்பூசி போட்டதாக எல்லோரும் பேசினார்கள். 2002-ல் வென்றவரும் வுட்ஸ்தான். 2005-ல் இன்னொரு முறையும் வென்றார். அந்த நீட்டிப்பால் அடிபட்டவர்கள் 270 யார்டு அடித்துக்கொண்டிருந்த நேர்த்தியான ஆட்டக்காரர்கள்.

அடுத்தது ரஃப். அதே அட்டவணையில், ரஃபில் 120 யார்டிலிருந்து 3.08 அடி. ஃபேர்வேயில் 180 யார்டிலிருந்தும் அதே 3.08. அதாவது சாதாரண டூர் ரஃபின் தண்டனை, அந்தத் தூரத்தில், சுமார் 60 யார்டுக்குச் சமம். கேட்டதும் பெரிய தண்டனையாகத்தான் தெரியும். ஆனால் நீளமாக அடிப்பவர் ஒவ்வொரு முறையும் ரஃபில் விழுவதில்லை, குட்டையாக அடிப்பவர் ஒவ்வொரு முறையும் ஃபேர்வேயில் நிற்பதும் இல்லை. 450 யார்டு ஹோல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 285 அடித்து நூற்றுக்கு 65 முறை ஃபேர்வேயில் நிற்கிறார். இன்னொருவர் 315 அடித்து 55 முறைதான் நிற்கிறார். அட்டவணையை வைத்துப் போட்டுப் பார்த்தால், 315 அடிப்பவர் ஒரு ஹோலுக்கு ஏறத்தாழ 0.09 அடி முன்னால் இருக்கிறார். டிரைவர் எடுக்கும் ஹோல்கள் 14 என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு அடிக்கு மேல், நான்கு நாளில் ஏறக்குறைய ஐந்து அடி. பத்து ஃபேர்வேயைக் கூடுதலாகத் தவறவிட்டதால் அவர் இழந்தது அந்த 30 யார்டு கொடுத்ததில் கால்வாசி கூட இல்லை.

சரி, ஃபேர்வேயை ஒடுக்கினால்? முதலாமவர் 45 முறைதான் பிடிக்கிறார், இரண்டாமவர் 37 முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி போட்டுப் பார்த்தால் இடைவெளி குறையவில்லை, ஒரு நூலளவு கூடியிருக்கிறது. ஏனென்றால் இப்போது இருவரும் பாதி நேரத்துக்கு மேல் ரஃபில் நிற்கிறார்கள். ஒருவர் கையில் வெட்ஜ், இன்னொருவர் கையில் 7 அயர்ன்.

2020 அமெரிக்க ஓப்பனில், விங்டு ஃபூட் மைதானத்தில், இது கண்முன்னே நடந்தது. ஒடுக்கமான ஃபேர்வே, கணுக்காலை மூடும் ரஃப். வென்ற டிஷாம்போ நான்கு நாளில் பிடித்த ஃபேர்வே 56-ல் 23. மொத்தப் போட்டியிலும் பாருக்குக் கீழே முடித்தவர் அவர் ஒருவர்தான், 6 அண்டர். இரண்டாவதாக வந்த மேத்யூ வுல்ஃப் சனிக்கிழமை 14 ஃபேர்வேயில் இரண்டை மட்டும் பிடித்து 65 அடித்தார். ரஃப் அடர்த்தியாகும்போது இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. அடர்ந்த புல்லில் மட்டையின் தலை சிக்காமல் வெளியே வர வேகம் வேண்டும். அந்த வேகம் யாரிடம் இருக்கிறது? டீயிலிருந்து நீளமாக அடித்தவரிடம்தான். அவர் அங்கிருந்து 9 அயர்னால் பந்தைக் குழி இருக்கும் கிரீன் வரை கொண்டுபோகிறார். மற்றவர் பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போகிறார்.

இதற்கு எதிர் உதாரணமாக, ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் அணிப் போட்டியான ரைடர் கோப்பையை, 2018-ல் நடந்ததைச் சொல்வார்கள். பாரிஸுக்கு அருகில் உள்ள லெ கோல்ஃப் நேஷனலில் ஃபேர்வேக்களை ஒடுக்கி, ரஃபை வளர்த்து, ஐரோப்பா 17½–10½ என்று அமெரிக்காவை வென்றது. உண்மைதான், அங்கே அது பலித்தது. ஆனால் அந்த மைதானத்தில் ரஃபுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருக்கிறது, பல ஹோல்களில் வழி தவறினால் பந்தே கிடைக்காது. தவிர, தன் அணிக்குத் தோதாக மைதானத்தை அமைப்பது ரைடர் கோப்பையில் நடத்தும் அணியின் உரிமை. 150 பேர் ஆடும் ஓப்பன் போட்டியில் அந்த நியாயம் செல்லாது. நான்கு நாளும் ஆட்டக்காரர்கள் அடர்ந்த புல்லிலிருந்து பந்தைத் தோண்டி எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பதில் பார்வையாளருக்கும் எதுவும் கிடைக்காது. கோல்ஃபில் மிக அழகான விஷயங்களில் ஒன்று தப்பான இடத்திலிருந்து மீண்டு வருவது. அடர்ந்த ரஃப் முதலில் கொல்வது அதைத்தான்.

இவை தவிர இன்னொரு குறுக்குவழி இருக்கிறது: 300 யார்டு வரை ஃபேர்வேயை அகலமாக விட்டு, 310-லிருந்து 340 வரை மட்டும் இறுக்கிப் பிடிப்பது. நீளமாக அடிப்பவர் டிரைவரைப் பைக்குள் வைத்துவிடுவார் என்பது எண்ணம். இதன் தீவிரமான வடிவம், மைதானத்துக்கு உள்ளேயே எல்லைக் கம்பு நட்டு அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் என்று அறிவிப்பது. இந்த மனப்பான்மை புதிதல்ல. 1979 அமெரிக்க ஓப்பனில், ஓஹையோவின் இன்வர்னெஸ் மைதானத்தில், லான் ஹிங்கிள் 8-வது ஹோலை 17-வது ஃபேர்வே வழியாகக் குறுக்கே வெட்டி ஆடினார். அமைப்பாளர்கள் ராவோடு ராவாக ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தைக் கொண்டுவந்து நட்டு அந்த வழியை அடைக்கப் பார்த்தார்கள். மறுநாளும் அவர் அதே வழியில்தான் போனார். அந்த மரத்தை நட்டவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது, ஆனாலும் அது தோல்வியை ஒப்புக்கொள்வதுதான். நீளமாக அடிப்பதும் ஒரு திறமை. ஜாக் நிக்லஸ் தன் காலத்தில் எல்லோரையும் விட நீளமாக அடித்தார். அது அவருடைய பெருமைகளில் ஒன்று. அந்தத் திறமையைப் பயன்படுத்தவே விடாமல் அடைப்பது நியாயம் இல்லை. பயன்படுத்து, ஆனால் அதற்கு என்ன விலை என்று யோசித்துவிட்டுப் பயன்படுத்து என்று மைதானம் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்ல வைப்பது கிரீன்தான். நான் இந்தப் பதில் முழுக்கச் சொல்ல வருவது இந்த ஒரு விஷயத்தைத்தான். டீயிலிருந்து அடிக்கும் ஷாட்டைக் கட்டுப்படுத்த டீக்குப் பக்கத்தில் எதையும் செய்யத் தேவையில்லை. கிரீனைக் கெட்டியாக வைத்து, குழியைக் காட்டும் கொடியைச் சரியான இடத்தில் நட்டு, ஃபேர்வேயை அகலமாக விட்டுவிட்டால், பந்து எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பது அது எவ்வளவு தூரம் போனது என்பதை விட முக்கியமாகிவிடும்.

இதை ஒரு ஹோலில் வைத்துப் பார்ப்போம். ஃபேர்வே 50 யார்டு அகலம். கிரீனின் இடது முன்புறம் ஆழமான பங்கர் (மணல் குழி). கொடி அந்தப் பங்கருக்குப் பின்னால், இடது பக்கம். கிரீன் வலமிருந்து இடமாக, கொஞ்சம் பின்னோக்கியும் சரிகிறது. ஃபேர்வேயின் இடது ஓரத்தில் நிற்கும் பந்துக்குக் கிரீன் வரை 100 யார்டுதான். ஆனால் பங்கரைத் தாண்டி அடிக்க வேண்டும், தாண்டி விழுந்த பந்து தன்னை விட்டு விலகிச் சரியும் தரையில் விழுகிறது. வலது ஓரத்தில் நிற்கும் பந்துக்கு 140 யார்டு. ஆனால் பங்கர் குறுக்கே இல்லை. பந்து முன்பகுதியில் விழுந்து, சரிவைப் பிடித்துக்கொண்டு கொடியை நோக்கி ஓடும். கிரீன் ஈரமாக, மெத்தென்று இருந்தால் இந்த வித்தியாசமெல்லாம் ஒன்றுமில்லை. டூர் ஆட்டக்காரரின் வெட்ஜ் ஏறத்தாழ 50 டிகிரி கோணத்தில் இறங்குகிறது, விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். அதே கிரீன் கெட்டியாக இருந்தால் முதல் துள்ளல் மட்டுமே நாலைந்து யார்டு போகும். அப்போது 40 யார்டு குறைவாக அடித்து வலது ஓரத்தைப் பிடித்தவர் புத்திசாலி. 320 அடித்து இடது ஓரத்தில் நிற்பவர் பந்தைக் கொடியிலிருந்து 25 அடி தூரம் தள்ளி விட்டுவிட்டு இரண்டு பட் (கிரீனில் உருட்டும் அடி) போடப் பார்க்க வேண்டும். மறுநாள் கொடியை வலது பின்புறத்துக்கு மாற்றினால் கேள்வி அப்படியே தலைகீழாகும்.

இங்கே ரஃபுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் அது வளர்ந்த ரஃபாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு, இரண்டரை அங்குலம் போதும். அந்த உயரத்தில் மட்டைக்கும் பந்துக்கும் நடுவே புல் மாட்டி சுழற்சி குறையும். பந்து எதிர்பார்த்ததை விட நீளமாகப் பறக்கும், விழுந்ததும் ஓடும். ஆட்டக்காரர்கள் ஃப்ளையர் என்பது இதைத்தான். ரஃபிலிருந்து சுழற்சி கிடைக்கக் கூடாது என்றுதான் 2010-ல் மட்டையின் முகத்தில் உள்ள வரிப்பள்ளங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அதனால் எதிர்பார்த்த அளவு மாற்றம் வரவில்லை. கிரீன் மெத்தென்று இருக்கும் வரை சுழற்சி குறைந்தாலும் பந்து நின்றுவிடுகிறது என்பதே அதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கெட்டியான கிரீனும் குட்டையான ரஃபும் சேர்ந்தால், வலிமைக்குப் பதிலாகக் கணிப்பு தேவைப்படுகிறது.

பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 மைதானம் இதற்கு நான் பார்த்தவற்றில் சிறந்த உதாரணம். 2014 அமெரிக்க ஓப்பனுக்கு முன் பில் கூரும் பென் கிரென்ஷாவும் அங்கே ரஃபை முழுவதுமாக எடுத்துவிட்டு, ஃபேர்வேக்களை அகலமாக்கி, ஓரங்களில் மணலும் காட்டுப்புல்லும் வரும்படி விட்டார்கள். டொனால்ட் ராஸ் அமைத்த அந்தக் கிரீன்கள் ஆமை முதுகு போல நடுவில் உயர்ந்து எல்லாப் பக்கமும் சரிபவை. பந்து ஓரத்தைத் தொட்டால் கீழே உருண்டுவிடும். மார்ட்டின் கைமர் 9 அண்டர் அடித்து வென்றார். அவரைத் தவிர பாருக்குக் கீழே முடித்தவர்கள் இரண்டே பேர். 2024-ல் அதே இடத்தில் டிஷாம்போ வென்றார். நீளமாக அடிப்பவர் வென்றுவிட்டாரே என்று இதைத் தோல்வியாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி ஹோலில் 55 யார்டு தூரத்து பங்கரிலிருந்து, கோல்ஃபின் மிகக் கடினமான ஷாட்களில் ஒன்றை அடித்து, பந்தைக் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்தித்தான் அவர் ரோரி மெக்கில்ராயை ஒரு அடியில் வென்றார். அங்கே முடிவு செய்தது டிரைவர் இல்லை. விங்டு ஃபூட்டில் வென்ற அதே ஆளிடம் பைன்ஹர்ஸ்ட் வேறு திறமைகளைக் கேட்டு வாங்கியது.

ஹாய்லேக் என்று அழைக்கப்படும் ராயல் லிவர்பூலில் நடந்த 2006 ஓப்பன் (பிரிட்டிஷ் ஓப்பன்) இன்னும் தெளிவு. அந்தக் கோடையில் ஃபேர்வே காய்ந்து பழுப்பு நிறமாகிவிட்டது. ஓடும் பந்தெல்லாம் பங்கரைத் தேடிப்போய் விழுந்தது. லிங்க்ஸ் எனப்படும் கடலோர மைதானங்களின் பங்கரில் விழுந்தால் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வெளியே வர முடியும், ஒரு முழு அடி போய்விடும். வுட்ஸ் நான்கு நாளில் டிரைவரை எடுத்தது ஒரே ஒரு முறை. பங்கர்களுக்கு முன்னாலேயே நிற்கும்படி நீள அயர்ன்களை டீயிலிருந்து அடித்து, மற்றவர்களை விடத் தூரத்திலிருந்து கிரீனுக்கு ஆடி, 18 அண்டரில் வென்றார். அவரை யாரும் தடுக்கவில்லை, கம்பு நடவில்லை. டிரைவரை எடுத்துச் சரியாக அடித்திருந்தால் லாபம் இருந்தது. அவர் கணக்குப் போட்டு வேண்டாம் என்று முடிவு செய்தார்.

ராயல் மெல்பர்னில் பங்கரின் விளிம்பு வரை புல்லை ஒட்ட வெட்டி வைப்பதும் இந்த வகைதான். பல மைதானங்களில் பங்கரைச் சுற்றி உயரமான புல் ஒரு வேலி போல நின்று பந்தைத் தடுத்துக் காப்பாற்றிவிடுகிறது. அந்தப் புல்லை வெட்டிவிட்டால் மூன்று யார்டு அகலப் பங்கர் பத்து யார்டு அகலப் பங்கராக வேலை செய்யும். இதற்குப் புதிய நிலம் வேண்டாம், புதிய டீ வேண்டாம், புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு ஒரு வரைபடம் கொடுத்தால் போதும்.

அகலம் மட்டும் இருந்தால் போதும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017 அமெரிக்க ஓப்பன் நடந்த எரின் ஹில்ஸ் 7,741 யார்டு நீளமும் மிக அகலமான ஃபேர்வேக்களுமாக இருந்தது. மழையில் தரை இளகிவிட்டது, எதிர்பார்த்த காற்று பெரும்பாலான நேரம் வரவில்லை. புரூக்ஸ் கெப்கா 16 அண்டரில் வென்றார். சனிக்கிழமை ஜஸ்டின் தாமஸ் 63 அடித்தார். மெத்தென்ற கிரீனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஆடினாலும் ஒன்றுதான். அங்கே அகலம் கேள்வி எதையும் கேட்கவில்லை, தைரியமாக அடி என்று மட்டும் சொன்னது.

கெட்டியாக வைப்பதில் ஆபத்து இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். ஷின்னகாக் ஹில்ஸில் 2004 அமெரிக்க ஓப்பனின் கடைசி நாள் 7-வது கிரீன் பந்தே நிற்காத நிலைக்குப் போய், ஆட்டத்தின் நடுவே தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. 2018-ல் அதே இடத்தில் சனிக்கிழமை பிற்பகல் மறுபடி சில கிரீன்கள் கைமீறின. காலையில் சீக்கிரம் ஆடிய டோனி ஃபினாவும் டேனியல் பெர்கரும் 66 அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிற்பகலில் முன்னணி ஆட்டக்காரர்கள் தடுமாற, 45-வது இடத்தில் சமநிலையில் இருந்த இந்த இருவரும் முதல் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். காலையில் ஒரு மைதானம், பிற்பகலில் இன்னொரு மைதானம் என்றால் அது போட்டி ஆகாது.

அங்கே தவறு எதில் என்று பார்த்தால், கெட்டித்தன்மையை விட வேகத்தில்தான். இரண்டையும் ஒன்றாகவே பேசுவது வழக்கம், ஆனால் இரண்டும் வேறு வேறு. கெட்டியான கிரீன் என்றால் பந்து துள்ளும். வேகமான கிரீன் என்றால் பந்து உருண்டுகொண்டே இருக்கும். கிரீனின் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரில் 13, 14 என்று வேகத்தை ஏற்றிவிட்டால், மூன்று சதவீதத்துக்கு மேல் சரிவான இடத்தில் கொடி நடவே முடியாது. பழைய, நல்ல கிரீன்களில் பாதி இடம் இப்படிப் பயனில்லாமல் போய், தட்டையான நாலு மூலையில் மட்டும் கொடி சுற்றிச்சுற்றி வருகிறது. வேகத்தை 11-க்கு இறக்கி, கெட்டித்தன்மையை அப்படியே வைத்தால், இதுவரை பயன்படாத சரிவுகளில் கொடி நடலாம். பிற்பகலில் காற்று ஏறினாலும் கிரீன் கைமீறாது. தொலைக்காட்சிக்காகவும் கௌரவத்துக்காகவும் வேகத்தை ஏற்றுவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி நீளத்துக்கு வருவோம். எல்லா ஹோலையும் சேர்த்து நீட்டுவது வீண். ஆனால் குறிப்பிட்ட ஒரு ஹோலின் கேள்வி செத்துப்போயிருந்தால், அதை உயிர்ப்பிக்கும் அளவுக்கு நீட்டுவதில் தவறில்லை. அகஸ்டாவின் 13-வது ஹோல் அப்படிப்பட்டது. கிரீனுக்கு முன்னால் ஓடை, சரிந்த ஃபேர்வேயில் காலுக்கு மேலே நிற்கும் பந்து. அங்கிருந்து இரண்டாவது அடியிலேயே கிரீனுக்குப் போவதா வேண்டாமா என்பதுதான் அந்த ஹோலின் முழு அழகும். 510 யார்டில், நீளமாக அடிப்பவர்கள் மூலையில் உள்ள மரங்களுக்கு மேலேயே அடித்துவிட்டு நடு அயர்னோடு நின்றார்கள், யோசிக்க ஒன்றுமில்லை. 2023-ல் டீயை 35 யார்டு பின்னால் கொண்டுபோய் 545 ஆக்கினார்கள். அதற்குப் பக்கத்து கிளப்பிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. அகஸ்டாவால் அது முடியும். மற்ற மைதானங்களுக்கு அந்த வசதி கிடையாது. கூடுதல் நீளம் என்றால் கூடுதல் நிலம், கூடுதல் தண்ணீர், கூடுதல் நடை.

நிலமில்லாத மைதானம் என்ன செய்யலாம்? குட்டையான ஹோல்களைக் கொண்டாடலாம். 120 யார்டு பார் 3-ல் (மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) எல்லோர் கையிலும் வெட்ஜ்தான், நீளத்துக்கு அங்கே மதிப்பே இல்லை. 2013 அமெரிக்க ஓப்பனில், 6,996 யார்டு மட்டுமே இருந்த மெரியனில் ஜஸ்டின் ரோஸ் 1 ஓவர் பார் அடித்து வென்றார். அந்த மைதானத்தின் 13-வது ஹோல் 115 யார்டைச் சுற்றித்தான் இருக்கும். 2023-ல் அதே போட்டிக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கன்ட்ரி கிளப்பின் 15-வது ஹோலை சனிக்கிழமை 81 யார்டில் வைத்தார்கள். நெருக்கிய கொடி, சின்ன கிரீன்; உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் அரை வெட்ஜை வைத்துக்கொண்டு தயங்குவதைப் பார்க்க முடிந்தது.

டீயிலிருந்து ஒரே அடியில் கிரீனை எட்டக்கூடிய பார் 4-களும் இப்படியே. ரிவியரா மைதானத்தின் 10-வது ஹோல் 315 யார்டுதான். இன்று டூரில் அநேகமாக எல்லோராலும் அந்தக் கிரீனை எட்ட முடியும். ஆனால் கிரீன் மிகவும் ஒடுக்கம், குறுக்குக் கோணத்தில் படுத்திருக்கிறது, இரண்டு பக்கமும் பங்கர். வலது பக்கம் தவறினால் அங்கிருந்து பந்தைக் கிரீனில் நிறுத்துவது பெரும்பாடு. இடது ஓரத்துக்கு அயர்னால் அடித்து வைத்தால் கிரீன் நீளவாக்கில் திறந்துகொள்கிறது. கிட்டத்தட்ட நூறு வருடமாக அந்த ஹோல் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பந்து மாறியது, மட்டை மாறியது, கேள்வி பழசாகவில்லை.

ஹார்பர் டவுன் மைதானம் காட்டுவது இன்னொரு வழி. சின்னச் சின்ன கிரீன்கள், ஃபேர்வேக்கு மேலே நீண்டு தொங்கும் மரக்கிளைகள். ஃபேர்வேயிலேயே நின்றாலும் தப்பான பக்கத்தில் நின்றால் கிரீன் மறைந்துவிடும். மேட் கூச்சர், ஜிம் ஃபியூரிக் போன்றவர்கள் அங்கே வென்றிருப்பது தற்செயல் இல்லை.

அமைப்பாளர்களைத் தவறான வழியில் தள்ளுவது பெரும்பாலும் வெற்றி எண்ணிக்கை மீதான பயம்தான். 20 அண்டர் அடித்துவிட்டால் மைதானம் தோற்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். 2022 பிரிட்டிஷ் ஓப்பனில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில், கேமரன் ஸ்மித் 20 அண்டரில்தான் வென்றார். அதற்காக அந்தப் போட்டி மட்டமாகிவிட்டதா? கடைசி நாளில் மெக்கில்ராய் 18 கிரீனையும் முறைப்படி (பாருக்கு இரண்டு அடி மிச்சம் இருக்கும்போதே) எட்டி, எல்லாவற்றிலும் இரண்டு பட் போட்டு 70 அடித்தார். ஸ்மித் கடைசி ஒன்பது ஹோலில் 30 எடுத்து 64 அடித்தார். 17-வது ஹோலில் ரோடு பங்கரைச் சுற்றிப் பட்டராலேயே பந்தை உருட்டிக் கொண்டுவந்து பார் காப்பாற்றினார். களத்திலேயே நீளமாக அடிப்பவர்களில் ஒருவரை, அத்தனை நீளம் இல்லாத ஒருவர், பட்டரால் வென்ற நாள் அது. எண்ணைப் பார்க்காமல் அந்த எண் எப்படி வந்தது என்று பார்த்தால், மைதானம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

பந்தையே கட்டுப்படுத்திவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று அடுத்து கேட்பீர்கள். கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏவும் 2023 டிசம்பரில் பந்துக்கான சோதனையை இறுக்குவதாக அறிவித்தன: மட்டை வேகம் மணிக்கு 120 மைலுக்குப் பதிலாக 125 மைல், ஆனால் பந்து போகக்கூடிய எல்லை அதே 317 யார்டு. மிக நீளமாக அடிப்பவர்களுக்கு 13-லிருந்து 15 யார்டு குறையும் என்பது அவர்கள் மதிப்பீடு. நான் அதை வரவேற்கிறேன். பழைய மைதானங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் அது எல்லோருக்கும் குறையும், வேகமாக அடிப்பவருக்குச் சற்று அதிகமாக. 320 அடிப்பவர் 306 அடிப்பார், 290 அடிப்பவர் 280 அடிப்பார். வரிசை மாறாது. கிரீன் மெத்தென்று இருந்தால் 306-லிருந்தும் அதே ஆட்டம்தான் நடக்கும்.

ஆகவே, 7,200 யார்டு மைதானம் ஒன்றை என்னிடம் கொடுத்து நான்கு நாள் போட்டிக்குத் தயார் செய்யச் சொன்னால், பின் டீயை எல்லா நாளும் பயன்படுத்த மாட்டேன். ஃபேர்வே 40, 45 யார்டு அகலம், ரஃப் இரண்டு அங்குலம், பங்கரின் வாய் வரை ஒட்ட வெட்டிய புல். கிரீன் வேகம் 11-ஐ ஒட்டி. நான்கு நாளில் கொடி இரண்டு நாள் இடது, இரண்டு நாள் வலது. ஒரு பார் 4-ஐ ஒரு நாள் 310-க்கு முன்னால் கொண்டுவருவேன், இரண்டு நாள் கிரீனை எட்ட முடியாத தூரத்துக்குத் தள்ளுவேன். ஒரு பார் 3-ஐ நூறு யார்டுக்குள் வைப்பேன். மழை வந்து கிரீன் இளகினால், கொடிகளைச் சரிவின் உச்சிக்கும் ஓரத்துக்கும் நகர்த்தும் இரண்டாவது திட்டம் எழுத்தில் தயாராக இருக்கும். மழை வந்த பிறகு ரஃபை வளர்த்துக்கொண்டிருக்க முடியாது.

இதில் கஷ்டமானது கிரீனைக் கெட்டிப்படுத்துவதுதான், அதைப் போட்டி வாரத்தில் தொடங்க முடியாது. மாதக்கணக்கில் தண்ணீரைக் குறைத்து, அடிக்கடி மணல் தூவி, தரையில் துளைபோட்டுக் காற்றோட்டம் கொடுத்து, வேர் ஆழமாக இறங்கும்படி பழக்க வேண்டும். அப்படிப் பழகிய புல்தான் கடைசி மூன்று நாள் தண்ணீர் நிறுத்தினாலும் சாகாமல் கெட்டியாக நிற்கும். அதற்கான பணமும் நேரமும் புதிய டீ கட்டும் செலவில் ஒரு பகுதிதான். மைதானப் பராமரிப்புத் தலைவரிடம் போட்டிக்கு ஒரு வருடம் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.